0413ஆம் எண் படம்

1. பச்சைப் பெட்டி

ஜெகதாப்பட்டினத்தில் படகுகளுக்குக் கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு தரும் மீன்துறையின் டோக்கன் அலுவலகத்துக்கு முன்னால் முப்பது பெண்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ஒரு காலையில், என் கேமரா படம் எடுக்க மறுத்தது. பட்டனை முழுதாக அமுக்கினேன். திரையில் முகங்களைச் சுற்றிப் பெட்டிகள் விழுந்தன. ஃபோகஸ் சரியாக இருந்தது. வெளிச்சத்துக்குக் குறைவில்லை. பேட்டரி மூன்று கோடு காட்டியது. ஆனால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்ல, அந்தக் கேமரா என் கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழின் மணமேல்குடிப் பகுதி நிருபர். அதற்கு முன்பு படம் வேண்டுமென்றால் ஸ்டூடியோக்காரரைக் கூட்டிப்போவேன். அவர் கல்யாண வேலையில் இருந்தால் செய்தி படமில்லாமல் போகும். ஒரு நாள் மாவட்டத்தில் இருக்கும் பகுதி நிருபர்கள் எல்லோரையும் புதுக்கோட்டை அலுவலகத்துக்கு வரச்சொல்லி, ஆளுக்கொரு கேமரா கொடுத்தார்கள். சட்டைப்பையில் அடங்குகிற சிறிய கேமரா. வெள்ளி நிறம். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கினோம்.

சொல்லிக்கொடுக்கத் திருச்சியிலிருந்து சந்தானம் சார் வந்திருந்தார். எங்கள் பதிப்பின் படங்களைத் தேர்வு செய்பவர். செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் டெஸ்கில் நிருபர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை, ஊர்தான். அவருக்கு நான் மணமேல்குடி.

"பாதி அமுக்கு. பெட்டி விழும். பெட்டி பச்சையானா ஃபோகஸ் ஆயிருச்சுன்னு அர்த்தம். பெறகு முழுசா அமுக்கு. அவ்வளவுதான்யா. ஆள் மொகம் எங்க இருந்தாலும் இதுவே தேடிக் கண்டுபிடிச்சுக்கும். நீங்க கெடுக்காம இருந்தாப் போதும்."

திருமயம் நிருபர் ஜன்னல் வழியாகத் தெருவில் நின்ற ஆட்டைக் குறிபார்த்துவிட்டு, "சார், ஆட்டுக்குப் பெட்டி விழலையே" என்றார்.

"ஆடு பேட்டி குடுக்குமாய்யா? மனுசன் மொகத்துக்குத்தான் விழும்."

சந்தானம் சார் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. மீதியை நானே தெரிந்துகொண்டேன்.

2. தலைவர் மட்டும் தெளிவு

முதலில் தெரிந்துகொண்டது ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏலக்கூடம் திறந்த அன்று. மீனவர் சங்கத்துக்காரர்கள் பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். பின்னால் ஃபிளெக்ஸ் பேனர், அதில் ஒரு தலைவரின் முகம் ஆள் உயரத்துக்கு. பெட்டி விழுந்தது, பச்சையானது, எடுத்தேன். மாலையில் டெஸ்கிலிருந்து சந்தானம் சார் போன்.

"யோவ் மணமேல்குடி, பேனர்ல இருக்குறவரு மீசை முடியை எண்ணலாம் போல இருக்கு. முன்னால நிக்கிற பத்துப் பேரும் கஞ்சித் தண்ணில முக்கி எடுத்த மாதிரி இருக்காங்க. யாருய்யா இவங்க?"

திரையில் பார்த்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்தத் திரை தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, அதில் எதுவும் நன்றாகத்தான் தெரியும். முன்னால் நின்றவர்கள் தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். உச்சி வெயிலில் துண்டின் நிழல் கண்ணில் விழுந்திருந்தது. கேமராவுக்கு இரண்டு கண், மூக்கு, வாய் தெரிய வேண்டும். பேனரில் அவை நாலு மடங்கு பெரிதாக, நிழல் இல்லாமல் இருந்தன. உயிருள்ள முகம், அச்சடித்த முகம் என்ற வித்தியாசம் அதற்குக் கிடையாது.

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். படம் எடுக்குமுன் ஆட்களைப் பேனரைவிட்டு இங்கிட்டு நாலு அடி நகர்ந்து நிற்கச் சொல்வேன். நகராதவர்கள் மறுநாள் பேப்பரில் வரவில்லை.

3. ஆரஞ்சு விளக்கு

அந்தக் கேமராவில் ஷட்டருக்குப் பக்கத்தில் சிரிக்கும் முகம் வரைந்த ஒரு சின்ன பட்டன் இருந்தது. அதைப் போட்டுவிட்டு, எதிரில் முகம் தெரியும்போது ஷட்டரை அமுக்கினால் உடனே எடுக்காது. முகத்தில் பெட்டி போட்டுக் காத்திருக்கும். திரையின் ஓரத்தில் ஒரு அளவுகோல் தெரியும். எதிரில் இருப்பவர் சிரிக்கச் சிரிக்க அதில் கோடு ஏறும். குறியைத் தொட்டதும் முன்பக்கம் ஆரஞ்சு விளக்கு மின்னி, கேமரா தானாக எடுத்துக்கொள்ளும்.

டோக்கன் அலுவலகப் போராட்டத்துக்கு முந்தின நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் மாணவிகளுக்கு சைக்கிள் கொடுத்தார்கள். தலைமையாசிரியர், "சிரிச்சாத் தானா எடுக்குமாமே, போட்டுக் காட்டுங்க சார்" என்றார். போட்டேன். பிள்ளைகள் சிரித்துத் தீர்த்தார்கள். பட்டனை மறுபடி அணைக்க மறந்து, கேமராவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கேமராவையே அணைத்துத் திரும்பப் போட்டாலும் அந்த ஏற்பாடு அதன் நினைவில் இருக்கும்.

மறுநாள் காலை அந்தப் பெண்கள். எல்லை தாண்டி மீன்பிடித்ததாக ஒரு விசைப்படகையும் அதிலிருந்த நாலு பேரையும் இலங்கையில் பிடித்து வைத்திருந்தார்கள். படகுகள் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் பிளான்ட் ஓடவில்லை. முன்வரிசையில் படகு டிரைவர் குமரேசனின் மனைவி வளர்மதி, மடியில் நாலு வயது மகள் தர்ஷினி.

முகம் தெரியாத ஒரு முதுகையும் சுவரையும் உடனே எடுத்த கேமரா, முகங்களை எடுக்கவில்லை. வாய் திறந்து கதறுவதை அது சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. முந்தானையால் மூடிய வாயில் அதற்குப் பார்க்க எதுவும் இல்லை. மற்றப் பத்திரிகைக்காரர்கள் எடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் வளர்மதிக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேமராவைத் தட்டினேன், ஊதினேன், திரும்ப அமுக்கினேன்.

தர்ஷினி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தாயின் பக்கம் திரும்பி, கவுனின் ஓரத்தைத் தூக்கி அவள் மூக்கைத் துடைத்தாள்.

"மூக்க ஒழுக விட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கே. போட்டோ புடிக்கிறாங்கல்ல. நிமிந்து ஒக்காரும்மா."

வளர்மதி சிரித்துவிட்டாள். அரை விநாடி. ஆரஞ்சு விளக்கு மின்னியது. டிக்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கேமரா காலையிலிருந்து முப்பது பெண்களில் யாராவது ஒருத்தி சிரிப்பாள் என்று காத்திருந்திருக்கிறது.

படத்தைத் திரையில் பார்த்தேன். என் வேலையில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான். நான் எடுத்தேன் என்று சொல்வதும் சரியில்லை. வளர்மதி மகளைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஈரம் காயாத கன்னம். இடது கன்னத்தில் ஒரு சிறு குழி. மூக்கின்மேல் பிள்ளையின் கை. பின்னால் மற்றப் பெண்கள், கொஞ்சம் மங்கலாக, தலையில் கைவைத்தபடி. ஃபோகஸ் அவள் கண்ணில் இருந்தது.

சத்தம் அவளுக்கும் கேட்டிருந்தது. என் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் சொன்னாள். "அண்ணே, இதப் போட்டுறாதீங்க."

"போடமாட்டேன்மா."

"புருசன் செயில்ல கெடக்கான், இவ பல்லக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கான்னு ஊரு சொல்லும். அதவிட அவரு கண்ணுல பட்டா என்ன நெனைப்பாரு. அழிச்சிருங்க."

"வீட்டுக்குப் போயி அழிச்சுர்றேன்."

"இப்பவே அழிங்க. எங்கண்ணு முன்னால."

குப்பைத்தொட்டி படம் போட்ட பட்டனை அமுக்கினேன். நிச்சயமாக அழிக்கவா என்று கேமரா கேட்டது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓகே கொடுத்தேன். பிறகு சிரிப்புப் பட்டனை அணைத்துவிட்டு, அவள் அழுவதை எடுத்தேன்.

4. நம்பர் தாண்டுதே

பிரவுசிங் சென்டரிலிருந்து நாலு படம் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் சந்தானம் சார் போன்.

"என்னய்யா, நம்பர் தாண்டுது. 0412க்கு அடுத்து 0414 வருது. 0413 எங்க?"

அவருக்கு அப்படி ஒரு கண் உண்டு. கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தானே ஒரு எண் கொடுக்கும். அழித்தாலும் அந்த எண்ணை வேறு படத்துக்குத் தராது.

"ஷேக் ஆயிருச்சு சார். அழிச்சுட்டேன்."

"ஷேக் ஆனத நீ என்னைக்குய்யா அழிச்சிருக்க? எல்லாத்தையும் எந்தலையிலதானே கட்டுவ."

அவர் அதோடு விட்டுவிட்டார். 0414 மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. வளர்மதி வாயில் முந்தானையை வைத்து அழுகிறாள். கீழே என் பகுதியின் பெயர். மீனவர் சங்கத் தலைவர் போன் செய்து, படம் பேசுதுங்க என்றார்.

ஒரு மாதத்துக்கும் மேல் ஆன பிறகு மூன்று பேரை விட்டார்கள். குமரேசன் வரவில்லை. படகை ஓட்டியவர் என்று அவர்மேல் இருந்த வழக்கு மட்டும் தனியாக இழுத்தது. திரும்பி வந்தவர்களைப் பார்க்க நானும் போயிருந்தேன். அந்தக் கூட்டத்தில் வளர்மதி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். ஐஸ் பிளான்ட் சுவரோரம் நின்று பேசினோம்.

"சங்கத்து வக்கீலு போனப்ப அந்தப் பேப்பரக் கொண்டுபோயி அவருக்கிட்டக் குடுத்திருக்காருண்ணே. நல்லது செய்யிறதா நெனச்சுத்தான் குடுத்தாரு. அத வெட்டி சொவத்துல ஒட்டி வச்சிருக்காராம். கூட இருந்தவுக சொல்றாக. அதப் பாத்துப் பாத்து சோறு எறங்க மாட்டேங்குதாம். வயித்துக்கு ஒண்ணும் சேரலையாம்."

பக்கத்தில் நின்ற தர்ஷினியை முன்னால் இழுத்தாள்.

"அன்னைக்கு ஒண்ணு எடுத்தீங்கள்ல. இவ மூக்கத் தொடைக்கிறப்ப. அத ஒரு பிரிண்டு போட்டுக் குடுங்கண்ணே. வக்கீலு மறுபடி போறாரு."

"அழிச்சுட்டேனேம்மா. நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த."

அவள் கேமரா இருந்த என் சட்டைப்பையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "ஊருல உள்ளதையெல்லாம் சேத்து வச்சிருப்பீங்க, பேப்பர்காரங்க. இத மட்டும் அழிச்சிட்டீங்களா."

குற்றம் சொல்லும் குரலில்லை அது. பஸ் போய்விட்டதா என்று கேட்பதுபோல இருந்தது.

அறந்தாங்கியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்கு மெமரி கார்டை எடுத்துப்போனேன். அழிந்த படங்களை மீட்கும் வழி இருக்கிறதென்று கேள்விப்பட்டிருந்தேன். கடைக்காரர் அரைநாள் முயன்றார். இடையில் அந்தக் கார்டில் நான் இருநூறு படங்களுக்குமேல் எடுத்திருந்தேன். சைக்கிள் விழா படங்களில் சில திரும்பி வந்தன. 0413 வரவில்லை.

5. மீன் பெட்டியின்மேல்

வேறு வழி இல்லாமல், இன்னொரு படம் எடுத்துவிடுவது என்று முடிவு செய்து வளர்மதியின் வீட்டுக்குப் போனேன். துறைமுகத்திலிருந்து இரண்டாவது தெரு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் மடித்துவைத்த வலை. வக்கீல் மறுநாள் புறப்படுகிறார்.

என்னைப் பார்த்துக்கொண்டு அவளால் சிரிக்க முடியவில்லை. வெட்கமும் இருந்தது. அதனால் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கேமராவை வைத்து, சிரிப்புப் பட்டனைப் போட்டேன். நான் பக்கவாட்டில் நகர்ந்து உட்கார்ந்து திரையை மட்டும் பார்த்தேன். அவள் மகளை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

உதட்டை இழுத்தாள். கோடு கால்வாசி ஏறி இறங்கியது. மறுபடி இழுத்தாள். ஏறவில்லை.

"இது சிரிப்பில்லன்னு அதுக்குத் தெரியுது பாருங்கண்ணே."

தர்ஷினி, "நான் சிரிக்கவா?" என்று கேட்டுச் சிரித்தாள். விளக்கு மின்னியது. படத்தில் பிள்ளை சிரிக்கிறது, தாய் கேமராவை முறைக்கிறாள். பிள்ளையை உள்ளே அனுப்பினோம்.

குமரேசனின் அம்மா நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சிரிக்கச் சொன்னா இப்புடி முழிக்கிறா. இவ சிரிச்சா மூணு தெருவுக்குக் கேக்கும் தம்பி. சட்டிய எறக்கி வச்சுட்டுச் சிரிடின்னு நானே சொல்லிருக்கேன்."

"நீங்க சும்மா இருங்க அத்தே."

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? பொண்ணு பாக்க வந்தன்னைக்கு என்ன செஞ்சான் எம்மவன், தம்பிக்கிட்டச் சொல்லு. சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டு வந்து ஒக்காந்தான். தையலெல்லாம் வெளிய தெரியுது. இவ காப்பியக் கையில வச்சுக்கிட்டு அப்புடியே நிக்கிறா. இவுக அப்பா சொல்றாரு, மாப்புள அவசரமா வந்துட்டாப்புல இருக்குன்னு."

வளர்மதி தலையைக் குனிந்தாள். கோடு ஏறத் தொடங்கியது.

"அதுக்கு இவன் என்ன சொன்னான் தெரியுமா தம்பி? இதுதாங்க இப்ப ஃபேசன்னுட்டான்."

பாதி, முக்கால். அவள் நிமிர்ந்தாள். கன்னம் உயர்ந்தது, பல் தெரிந்தது. விளக்கு மின்னியபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். ஏறிய கன்னம் இறங்குவதற்குள் அழுகை வந்துவிட்டது. கேமராவுக்கு அது தெரியவில்லை. டிக், டிக், டிக் என்று மூன்று எடுத்துக்கொண்டது. நான் கை நீட்டி அணைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "விழுந்துச்சா?"

காட்டினேன். மூன்றிலும் பெட்டி சரியாக முகத்தில் இருந்தது. கண் இடுங்கி, கன்னம் மேலேறி, பல் தெரிந்தது. பக்கத்திலேயே இருந்து பார்த்த எனக்கே எது சிரிப்பு, எது அழுகை என்று திரையில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் நடுப்படத்தைத் தொட்டாள். "இதுல கண்ணீரு தெரியல. பாக்கச் சிரிச்ச மாதிரித்தானே இருக்கு?"

"அப்படித்தான் இருக்கு."

"இதக் குடுங்க."

அன்று மாலையே அறந்தாங்கியில் பிரிண்ட் போட்டு வக்கீலிடம் சேர்த்தேன்.

6. குழி

குமரேசன் ஆறு மாதம் கழித்து வந்தார். வேனில் கூட்டி வந்தார்கள். டோக்கன் அலுவலகத்துக்கு முன்னால், முன்பு பெண்கள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், வருக வருக என்று அதே தலைவரின் முகத்தோடு ஃபிளெக்ஸ் பேனர். அவர் இறங்கியதும் வளர்மதி போய் அவர் சட்டையின் கையைப் பிடித்து, அதிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் அவள் தலைமேல் குனிந்தார். நான் பட்டனைப் பாதி அமுக்கினேன். இரண்டு முகமும் வெளியில் தெரியவில்லை. பெட்டி கொஞ்சம் அலைந்து, பின்னால் பேனரில் போய் விழுந்து பச்சையானது. நாலு அடி நகர்ந்து நில்லுங்கள் என்று அந்த இருவரிடமும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படியே எடுத்தேன்.

"யோவ் மணமேல்குடி, மறுபடியும் தலைவர்தானா?" என்றார் சந்தானம் சார்.

ஒரு வாரம் கழித்து குமரேசன் என்னைப் பார்க்க வந்தார். மெலிந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து அந்தப் பிரிண்டை எடுத்தார். நாலு மடிப்பும் வெளுத்துப் போயிருந்தன.

"நீங்க எடுத்ததாம்லண்ணே."

"ஆமா. சிரிச்ச படமா வேணும்னு கேட்டாங்க."

"இதுல எங்கண்ணே சிரிக்கிறா?"

நான் படத்தைப் பார்த்தேன். அவர் விரலை அவளுடைய இடது கன்னத்தில் வைத்தார்.

"இவ சிரிச்சா இந்த எடத்துல குழி விழும். இதுல விழல. அழுதிருக்கா. பிரிச்சுப் பாத்த ஒடனேயே தெரிஞ்சுச்சு."

"அப்ப எதுக்கு வச்சிருந்தீங்க?"

"எனக்காகச் சிரிக்கணும்னு ஒக்காந்திருக்காள்ல. அன்னைக்கி ரெண்டு வேளையும் சோறு தின்னேன்." பிரிண்டை வாங்கி, அதே மடிப்பில் மடித்தார். "அவகிட்டச் சொல்லிறாதீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

அவர் போனபின் மற்ற இரண்டு படங்களையும் திறந்து பார்த்தேன். அவற்றிலும் குழி இல்லை. 0413இல் அந்தக் குழியைப் பார்த்துக் குறித்துக்கொண்டவன் நான். பேப்பர்காரன் கண் என்று அதைப் பெருமையாக நினைத்தவனும் நான்தான். மீன் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது முகத்தைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பகுதி நிருபர்கள் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. அது நூறு முகத்துக்குப் பெட்டி போடுகிறது, பேனரிடம் அவ்வளவாக ஏமாறுவதில்லை. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். பெட்டி விழுந்தால் முகம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்பதைப் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் உறுதியாகத் தெரியாவிட்டால், அந்த முகத்தோடு வாழ்கிறவரைக் கேளுங்கள். அழிக்கச் சொன்னால் அழித்துவிடுங்கள். அன்று நான் அழித்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஓய்வு பெறும்போது கேமராவை ரெஜிஸ்டரில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். படங்கள் என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. எப்போதாவது அந்த நாளின் ஃபோல்டரைத் திறப்பேன். 0412இல் ஒரு பெண்ணின் முதுகும் அலுவலகத்துச் சுவரும் இருக்கின்றன. 0414இல் வளர்மதி அழுகிறாள். அம்புக்குறியை அமுக்கினால் ஒன்றிலிருந்து மற்றதற்கு நேராகத் தாவிவிடுகிறது. நான் திரும்ப 0412க்கு வந்து, இன்னும் கொஞ்சம் மெதுவாக அமுக்கிப் பார்ப்பேன்.